எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்?

பள்ளி விடுதி ஒன்றில் மாணவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். திருமண மண்டபம், திருவிழாக் கூட்டம், தொழிலாளர் குடியிருப்பு என்று இடம் மாறுமே தவிர, செய்தி மாறுவதில்லை. உடனே அதிகாரிகள் வருகிறார்கள். நீர்த்தேக்கத் தொட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். குடிநீர் மாதிரி எடுக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் எங்கே, எதைக் குடித்தார்கள் என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார்கள்.

இன்று இயல்பாகத் தோன்றும் இந்த விசாரணை, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவ உலகுக்கு இயல்பானதாக இருக்கவில்லை. நோய் வந்தால் காற்றைக் குறை கூறினார்கள். நோயாளியின் ஒழுக்கத்தைக் குறை கூறினார்கள். அவர் குடித்த தண்ணீரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஸ்னோ. அவருடைய வாழ்க்கை மருத்துவ மாணவர்கள் மட்டும் படிக்க வேண்டிய ஒன்றன்று.

1813-ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று இங்கிலாந்தின் யார்க் நகரில் ஸ்னோ பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் மூத்தவர். தந்தை நிலக்கரிக் கிடங்கில் கூலி வேலை பார்த்தவர். அவர்கள் வாழ்ந்தது ஊஸ் ஆற்றங்கரையை ஒட்டிய ஏழைகளின் பகுதி. 14-ஆவது வயதில் நியூகாசில் நகரில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகுவதற்காக அனுப்பப்பட்டார்.

1817-இல் வங்கத்தின் ஜெசூர் பகுதியில் கொள்ளைநோயாக வெடித்த காலரா, நாடு நாடாகக் கடந்து 1831-இல் இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த ஆண்டு அது கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைத் தாக்கியபோது, மருத்துவ உதவிக்கு அங்கே அனுப்பப்பட்டவர் ஸ்னோ. அப்போது அவருக்கு வயது 20 கூட ஆகவில்லை.

சுரங்கத் தொழிலாளர்கள் எட்டு, ஒன்பது மணி நேரம் பூமிக்கடியில் இருப்பார்கள். அங்கே கழிப்பிடம் கிடையாது. கைகழுவ வழியும் கிடையாது. கொண்டுபோன உணவை அழுக்குக் கையாலேயே உண்பார்கள். காலராவால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவர்களில் சுரங்கத் தொழிலாளர்கள் முதன்மையானவர்கள் என்பதற்கு இதையே காரணமாகப் பின்னாளில் தமது நூலில் அவர் குறிப்பிட்டார்.

1836-இல் ஸ்னோ மருத்துவம் படிக்க லண்டன் வந்தார். 1844-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். சோஹோ பகுதியில் தங்கித் தொழில் நடத்தினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இளமையிலேயே புலால் உணவைக் கைவிட்டவர். மதுவிலக்கு இயக்கத்தில் பற்றுக் கொண்டவர். கலகலப்பாகப் பேசும் இயல்பும் அவருக்கு இல்லை.

புகழையும் வருவாயையும் அவருக்குத் தந்தது மயக்க மருந்து. ஈதர், குளோரோஃபார்ம் ஆகியவற்றின் அளவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதை முறையாக ஆராய்ந்து, அதற்கான கருவிகளையும் வடிவமைத்தார். 1853-இலும் 1857-இலும் விக்டோரியா அரசியின் இரு பிரசவங்களின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர் அவரே. அரண்மனைக்குள் அழைக்கப்பட்ட மருத்துவர், அதே ஆண்டுகளில் நகரின் சாக்கடைகளையும் கிணறுகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அழுகிய பொருள்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே காலராவுக்குக் காரணம் என்பது அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கை. சுகாதாரச் சீர்திருத்தத்தின் தலைமகனாகக் கருதப்பட்ட எட்வின் சாட்விக் அதை உறுதியாக நம்பினார். நாட்டின் இறப்புப் புள்ளிவிவரங்களைத் தொகுத்த வில்லியம் ஃபார் கூட, ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் காற்று கெட்டுப்போவதே நோய்க்குக் காரணம் என்று கருதினார்.

இந்த நம்பிக்கையின் விலை என்ன என்பதை ஒரு நிகழ்வு காட்டும். லண்டனை அடுத்த டூட்டிங்கில் ஏறத்தாழ 1,400 ஏழைக் குழந்தைகள் தங்கிப் படித்த விடுதி ஒன்று இருந்தது. 1848 டிசம்பர் இறுதியில் அங்கே காலரா புகுந்தது. சில வாரங்களுக்குள் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். நாடே கொதித்தது. விடுதியை நடத்தியவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது, அவர் விடுதலையானார். நெரிசல், காற்றோட்டமின்மை, துர்நாற்றம் ஆகியவை பற்றி நிறையவே பேசப்பட்டது. ஆனால், நோய் ஒரு குழந்தையின் வயிற்றிலிருந்து இன்னொரு குழந்தையின் வாய்க்கு எப்படிப் போயிருக்கும் என்ற கேள்வி எழவில்லை.

ஸ்னோ அந்தக் கேள்வியை எழுப்பினார். வாயுக்களை அன்றாடம் அளந்து பழகிய அவருக்கு நச்சுக்காற்றுக் கொள்கை பொருந்தவில்லை. வாயு பரவப் பரவ வீரியம் இழக்கும். காற்றினால் நோய் வருமென்றால், அருகிலிருப்போர் அனைவருக்கும் வர வேண்டும். முதலில் நுரையீரல் தாக்கப்பட வேண்டும். காலராவிலோ முதலில் தாக்கப்படுவது குடல். ஆகவே, நோய்க்கான பொருள் வாய் வழியாக உள்ளே போகிறது, குடலில் பெருகுகிறது, கழிவின் வழியாக வெளியேறி, அழுக்கான கைகள், துணிகள், உணவு, தண்ணீர் மூலம் அடுத்தவரை அடைகிறது என்று 1849-இல் ஒரு சிறு வெளியீட்டில் எழுதினார். நோய்க்கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலம் அது. மருத்துவ உலகம் அவர் சொன்னதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, நோய் அவர் வசித்த பகுதிக்கே வந்தது. 1854 ஆகஸ்ட் 31 இரவு தொடங்கி, சோஹோவின் பிராட் வீதியைச் சுற்றிக் காலரா திடீரென வெடித்தது. வீதிச் சந்திப்பிலிருந்து 250 கஜ தூரத்துக்குள் பத்தே நாள்களில் 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர்களில் பலர் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேறினர்.

அந்த வீதியில் ஓர் அடிகுழாய் இருந்தது. அதன் தண்ணீர் தெளிவானது, சுவையானது என்று பெயர் பெற்றிருந்தது. ஸ்னோ அந்தத் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். உறுதியாக எதையும் சொல்லும் அளவுக்கு அதில் மாசு தென்படவில்லை. எனவே, தண்ணீரை விட்டுவிட்டு மனிதர்களிடம் போனார். பதிவாளர் அலுவலகத்தில் இறந்தவர்களின் பட்டியலைப் பெற்றுக்கொண்டு வீடு வீடாகச் சென்றார்.

முதல் மூன்று நாள்களில் பதிவான இறப்புகள் 83. அவற்றில் 73 அந்த அடிகுழாய்க்கு அருகிலிருந்த வீடுகளில் நிகழ்ந்தவை. இந்த 73 பேரில் 61 பேர் அதன் தண்ணீரைக் குடித்து வந்தவர்கள் என்று வீட்டார் கூறினர். எஞ்சிய பத்துப் பேரின் வீடுகள் வேறு அடிகுழாய்களுக்கு அருகில் இருந்தன. மேலோட்டமாகப் பார்க்கும் ஆய்வாளர் இந்தப் பத்தையும் தம் கருத்துக்கு எதிரான சான்றாகக் கருதியிருப்பார், அல்லது ஒதுக்கியிருப்பார். ஸ்னோ அந்தப் பத்து வீடுகளின் கதவையும் தட்டினார்.

ஐந்து குடும்பங்கள், சுவைக்காகத் தொலைவிலிருந்தும் பிராட் வீதித் தண்ணீரையே வரவழைத்துக் குடித்திருந்தன. வேறு மூவர் குழந்தைகள். அவர்கள் படித்த பள்ளி அந்த அடிகுழாய்க்கு அருகில் இருந்தது. அவர்களில் இருவர் அங்கே தண்ணீர் குடித்தது உறுதியாகத் தெரிந்தது. மூன்றாவது குழந்தையும் குடித்திருக்கும் என்றே பெற்றோர் எண்ணினர்.

அந்தப் பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் வீட்டருகே இருந்த தண்ணீரில் பழுதில்லை. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை. இறப்புப் பதிவேட்டில் வீட்டு முகவரி இருந்தது. நோய் வந்த இடம் அதில் இல்லை. பொது இடத்தில் பரவும் நோயின் இயல்பே இதுதான். நோயாளி எங்கே படுத்திருக்கிறார் என்பதை மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது. அவர் யாரோடு எதைப் பகிர்ந்துகொண்டார் என்று பார்க்க வேண்டும்.

விசாரணை விரிய விரிய, அந்தத் தண்ணீர் எங்கெங்கே போயிருந்தது என்பது தெரிந்தது. மதுக்கடைகளில் அதைக் கலந்து கொடுத்தார்கள். பெட்டிக்கடைகளில் பொங்கும் பொடி ஒரு தேக்கரண்டி சேர்த்துச் சர்பத் என்று விற்றார்கள். தொழிலாளர்கள் வந்து உண்ணும் காபிக்கடை ஒன்றில் சாப்பாட்டோடு அதே தண்ணீர் வழங்கப்பட்டது. தம் வாடிக்கையாளர்களில் ஒன்பது பேர் இறந்துவிட்டதை அந்தக் கடைக்காரப் பெண்மணி செப்டம்பர் 6-ஆம் தேதிக்குள்ளாகவே அறிந்திருந்தார்.

அதே வீதியில் இருந்த துப்பாக்கி வெடிமூடித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 200 பேர் வேலை செய்தார்கள். அவர்கள் குடிப்பதற்காக இரண்டு தொட்டிகளில் அடிகுழாய்த் தண்ணீர் எப்போதும் நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. அவர்களில் 18 பேர் இறந்தனர். அந்தத் தொழிற்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்த முதிய விதவை ஒருவர் தொலைவில் ஹாம்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்தார். பழகிய சுவையை விட மனமின்றி நாள்தோறும் வண்டியில் இந்தத் தண்ணீரை வரவழைத்துக் குடித்தார். அவரும், அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுப் பெண்ணும் காலராவுக்குப் பலியாயினர். அவர்கள் வசித்த ஊர்களில் அப்போது காலராவே இல்லை.

தப்பியவர்களின் கணக்கும் அதே அளவு முக்கியமானது. நோய் சூழ்ந்த பகுதியின் நடுவே இருந்த ஏழைகள் காப்பகத்தில் 535 பேர் இருந்தனர். வறுமையும் அசுத்தமும்தான் காலராவை வரவழைக்கின்றன என்ற கருத்துப்படி அங்கேதான் சாவு மிகுந்திருக்க வேண்டும். இறந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே. காப்பகத்துக்குச் சொந்தக் கிணறும் தனிக் குழாய் நீரும் இருந்தன. பக்கத்திலிருந்த பீர் ஆலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவர்கூடக் காலராவால் இறக்கவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது. ஆலைக்குள் ஆழ்கிணறும் இருந்தது. அடிகுழாயை அவர்கள் நாடவே இல்லை.

செப்டம்பர் 7 மாலை, ஸ்னோ வட்டார நிர்வாகக் குழுவினரைச் சந்தித்துத் தாம் கண்டறிந்ததை எடுத்துரைத்தார். அவர்கள் முழுமையாக நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், மறுநாளே அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்று முடித்துவிடுவார்கள். ஸ்னோ அப்படிச் சொல்லவில்லை. மக்கள் வெளியேறியதால் நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கிவிட்டது என்று அவரே நேர்மையாகப் பதிவு செய்தார். தமக்குச் சாதகமான ஒரு கதையைத் தாமே திருத்திக்கொண்ட நேர்மை அவருடைய புள்ளிவிவரங்களுக்குக் கூடுதல் மதிப்பைத் தருகிறது.

எனினும், அந்தக் கைப்பிடி வீணாகக் கழற்றப்படவில்லை. ஸ்னோவின் கருத்தை ஏற்காமல் அதை மறுக்கும் நோக்கத்துடன் விசாரணையில் இறங்கியவர் ஹென்றி வைட்ஹெட் என்ற உள்ளூர்த் துணைப் பாதிரியார். அந்தப் பகுதி மக்கள் ஒவ்வொருவரையும் அறிந்த அவர், தம் விசாரணையாலேயே தம் மனத்தை மாற்றிக்கொண்டார். பிராட் வீதி 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை ஆகஸ்ட் இறுதியில் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டு, செப்டம்பர் 2-ஆம் தேதி இறந்திருந்தது. அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின் கழிவுக்குழியில் ஊற்றியிருந்தார். 1855-இல் தோண்டிப் பார்த்தபோது, சிதைந்த அந்தக் குழிக்கும் அடிகுழாய்க் கிணற்றுக்கும் இடையே மூன்றடி இடைவெளிகூட இல்லை. கழிவு மண்ணின் வழியே கிணற்றுக்குக் கசிந்திருந்தது.

குழந்தையின் தந்தைக்கு அதே வீட்டில் காலரா கண்டது, கைப்பிடி கழற்றப்பட்ட செப்டம்பர் 8-ஆம் தேதி. பதினொரு நாள் கழித்து அவர் இறந்தார். அவருடைய கழிவும் அதே குழியைத்தான் அடைந்திருக்கும். கைப்பிடி இருந்திருந்தால், வீடு திரும்பத் தொடங்கிய மக்களை நோய் இரண்டாம் முறை தாக்கியிருக்கக்கூடும்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், ஸ்னோவின் மற்றோர் ஆய்வை அடிகுழாய்க் கதையைவிட மேலானதாகக் கருதுகிறேன். தென் லண்டனில் சதர்க்-வாக்ஸால், லாம்பெத் என்ற இரு தனியார் நிறுவனங்கள் தேம்ஸ் ஆற்றுநீரை வழங்கின. நகரின் கழிவு கலக்காத மேற்பகுதியிலிருந்தே நீர் எடுக்க வேண்டும் என்று 1852-இல் சட்டம் வந்தது. ஆனால், 1855 ஆகஸ்ட் 31 வரை நிறுவனங்களுக்கு அவகாசம் தரப்பட்டது. லாம்பெத் நிறுவனம் 1852-லேயே நீர் எடுக்கும் இடத்தை மாற்றிக்கொண்டது. மற்றது, பாட்டர்சீ அருகே கழிவு கலந்த நீரையே தொடர்ந்து எடுத்தது.

இரு நிறுவனங்களின் குழாய்களும் ஒரே வீதிகளில் ஓடின. அடுத்தடுத்த வீடுகளுக்கு வெவ்வேறு தண்ணீர் வந்தது. செல்வர், ஏழை என்ற வேறுபாடின்றி ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் தாம் அறியாமலேயே இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். குடியிருப்போரில் பலருக்குத் தமக்கு நீர் வழங்குவது யார் என்பதே தெரியாது. கட்டணம் செலுத்தியவர் வீட்டு உரிமையாளர். எனவே, தண்ணீரில் இருந்த உப்பின் அளவைச் சில்வர் நைட்ரேட் கொண்டு சோதித்து எந்த நிறுவனத்தின் நீர் என்பதை ஸ்னோ கண்டறிந்தார்.

1854-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின் முதல் ஏழு வாரக் கணக்கு இது: சதர்க்-வாக்ஸால் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள், லாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 இறப்புகள். பத்தாயிரம் வீடுகளுக்கு 315 என்றும் 37 என்றும் கணக்கிட்டார் ஸ்னோ. ஏறத்தாழ எட்டரை மடங்கு வேறுபாடு. காற்று ஒன்று, வீதி ஒன்று, வாழ்க்கை முறை ஒன்று. தண்ணீர் மட்டும் வேறு. காரண காரியத் தொடர்பை நிறுவும் முறைக்கு முன்னோடியாக இன்றைய பொருளியல் பாடநூல்கள் இந்த அட்டவணையை எடுத்துக்காட்டுகின்றன.

அந்த எண்களுக்குள் நிர்வாகத்துக்கான பாடம் ஒன்றும் இருக்கிறது. எது தவறு என்பதை 1852-லேயே நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. திருத்திக்கொள்ள மூன்றாண்டு அவகாசமும் தந்தது. ஒரு நிறுவனம் அந்த அவகாசம் முழுவதையும் பயன்படுத்திக்கொண்டது. அதற்கான விலையைச் செலுத்தியவர்கள், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறோம் என்பதையே அறியாத மக்கள்.

தம் ஆய்வுகளை விரிவாகத் தொகுத்து 1855-இல் ஸ்னோ நூலாக வெளியிட்டார். 200 பவுண்டுக்கு மேல் சொந்தப் பணம் செலவானது. விற்றவை 56 படிகள்; திரும்பி வந்தது நான்கு பவுண்டுக்கும் குறைவு. அரசின் சுகாதார வாரியம் அமைத்த அறிவியல் குழு அவருடைய முடிவை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு, எலும்பு காய்ச்சும் தொழில் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மசோதா குறித்து நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்த அவர், துர்நாற்றம் கொள்ளைநோயை உண்டாக்காது என்றார். லான்செட் மருத்துவ இதழ் அவரைக் கடுமையாகச் சாடியது.

1858 ஜூன் மாதம், மயக்க மருந்து பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்னோ பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். ஜூன் 16 அன்று, 45-ஆவது வயதில் மறைந்தார். லான்செட் வெளியிட்ட சில வரி இரங்கல் குறிப்பில் காலரா என்ற சொல்லே இல்லை. முழுமையான அஞ்சலியை அந்த இதழ் வெளியிட்டது, 155 ஆண்டுகள் கழித்து, 2013-இல்.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1866-இல் கிழக்கு லண்டனைக் காலரா தாக்கியது. இம்முறை தண்ணீர் வழங்கிய நிறுவனத்தை நோக்கிச் சுட்டுவிரல் நீட்டியவர், ஒரு காலத்தில் ஸ்னோவை ஏற்காத வில்லியம் ஃபார். 1884-இல் ராபர்ட் காக் கொல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே பிரித்து அடையாளம் கண்டார். ஸ்னோ கண்ணால் காணாதது, அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது.

பிராட் வீதி இன்று பிராட்விக் வீதி என்று அழைக்கப்படுகிறது. கைப்பிடி இல்லாத அடிகுழாய் ஒன்று அங்கே நினைவுச் சின்னமாக நிற்கிறது. அருகிலிருக்கும் மதுக்கூடத்துக்கு மதுவிலக்குப் பற்றாளரான ஸ்னோவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சலாம், வடிகட்டலாம். பள்ளியிலும் விடுதியிலும் உணவகத்திலும் பேருந்து நிலையத்திலும் நம்பிக்கை ஒன்றை மட்டும் துணைக்கொண்டு குடிக்கிறோம். அங்கே தண்ணீரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடிப்பவருக்கு இல்லை; ஆகவே, பொறுப்பும் அவருடையதன்று. அது வழங்குபவருடையது. குடித்தவரின் பழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் குழாயையும் தொட்டியையும் கழிவுக்குழியையும் பார்க்க வேண்டும் என்பதே ஸ்னோ தம் வாழ்நாளில் நிலைநாட்ட முயன்ற ஒழுங்கு.

அவர் வீடு வீடாகச் சென்று கேட்ட கேள்வி, சாவுக்குப் பின் கேட்கப்பட்டது. அன்று அவருக்கு வேறு வழியில்லை. பிள்ளைகள் படுக்கையில் விழும் முன்பே அதே கேள்வியைக் கேட்டு, தண்ணீரைச் சோதித்து, குழாயைச் சீர்செய்யும் வசதி இன்று நமக்கு இருக்கிறது. பள்ளிக்கு அனுப்பியதைத் தவிர வேறொன்றும் செய்யாத அந்தப் பெற்றோரின் நிலை எவருக்கும் வரலாகாது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).